மூன்று பிரியதத்த நேரம்

அமலோற்பவமேரி வலது கையை முழங்கை வரை பீப்பாய்க்குள் விட்டு, கண்ணை மூடி, உதடு அசைய நின்றாள். மாவு கையை நாலு பக்கமும் இறுக்கியது. மேல்மாவு குளிர்ந்திருந்தது. விரல் நுனி போய்ச் சேர்ந்த இடத்தில் குளிர்ச்சி இல்லை.

“ஜெபம் பண்றதுக்குக் கோயில் இருக்குது” என்றார் பின்னால் நின்ற இன்னாசிராஜ்.

அவள் பரமண்டல மந்திரத்தின் கடைசி வரியில் இருந்தாள். ஆமென் வந்ததும் கையை உருவி, புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கதகதப்பு. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். துடைக்காத எண்ணெய்ச் செம்பின் கழுத்தைத் தொட்டது போன்ற பிசுக்கு. ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து விழுங்கிவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றாள்.

“அண்ணே, இது போயிடுச்சு.”

“எது?”

“மாவுதான். காறிப்போச்சு. அந்தப் பீப்பாயையும் தெறங்க, பாக்கறேன்.”

திண்டிவனம் ஏரிக்கரைக்கு அப்பால், கன்னியர் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதி அது. எண்பத்தாறு பிள்ளைகள். அமலோற்பவமேரி அங்கே ஏழு வருஷமாகச் சமையல். இன்னாசிராஜ் பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் உணவுக் கிடங்கு பார்த்துவிட்டு வந்தவர்; இப்போது இந்த விடுதியின் ஸ்டோர் அவர் பொறுப்பு. இரண்டு இரும்புப் பீப்பாய்களிலும் இருந்தது கம்பு மாவு. மூன்று மூட்டைக் கம்பை ஒரே நாளில் மில்லில் அரைத்து, அடுக்கடுக்காக வேப்பிலை போட்டு, மூடியை இறுக்கி மூடி வைத்தவர் அவர்தான். பதினாறு நாள் கழித்து, அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அன்றைக்குத்தான் முதல் பீப்பாயைத் திறந்தார்கள்.

அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷ மழையில் ஏரி வழிந்து, டவுனுக்குப் போகும் பாதை ஒன்பது நாள் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. மில்லுக்குப் போக வழியில்லை. அமலோற்பவமும் அவளுக்கு உதவியாக இருந்த சின்னபொண்ணும் கையால் திருகையில் அரைத்து அரைத்து, உள்ளங்கை கொப்பளித்துப்போனது. இந்த வருஷம் அது வேண்டாம் என்று ஆறு வாரத்து மாவை முன்னாலேயே அரைத்து வைத்துவிட்டார். அம்பாலாவிலும் பூனாவிலும் ஆட்டா மூட்டைகளை மூன்று மாதம் வரை வைத்துக் காத்தவர். மாவை எப்படி வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டா கோதுமை மாவு. இது கம்பு.

அவர் மாவை அள்ளி வெளிச்சத்தில் காட்டினார். ஒரு வண்டு உண்டா, ஒரு புழு உண்டா, நூல் கட்டியிருக்கிறதா, கட்டி பிடித்திருக்கிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“கசக்குதுதான். வேப்பில போட்டா கசக்காம இனிக்குமா? இத்த போயி கெட்டுப்போச்சுன்றியே.”

“வேப்பிலக் கசப்பு வேற அண்ணே. இது வேற.”

“கசப்புல ரெண்டு சாதியா? ஒரு வண்டு காட்டு, ஒத்துக்கறேன்.”

“வண்டு வந்த மாவ சலிச்சிட்டுத் திங்கலாம். வண்டே வேணாம்னு வுட்டுப்போன மாவ இன்னா பண்றது?” என்றாள் அவள்.

சின்னபொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னாசிராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. விடுதித் தலைவியான பெரிய சிஸ்டரிடம் போனார்.

அமலோற்பவத்துக்கு இந்தப் பாடம் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தொம்மைக்கு வாழ்க்கைப்பட்ட முதல் வருஷம், ஐம்பத்து மூன்றில், வளவனூருக்குக் கரும்பு வெட்டப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பதினைந்து நாள் வேலை. வீட்டில் இருப்பவர்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று பதினைந்து நாளைக்கும் கம்பை அரைத்துப் புதுப்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவிட்டுப் போனாள். இத்தனையும் ஒரே ஆளாக அரைத்தோம் என்று அவளுக்குப் பெருமை. வெட்டு முடிந்து வந்து பார்த்தபோது பானையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தொம்மைதான் சிரித்துக்கொண்டே சொன்னான். “உன் களிய பூனைக்கு வச்சேன். மோந்து பாத்துட்டு என்ன ஒரு மொறை மொறைச்சிட்டுப் போச்சு.”

வேறொருத்தி என்றால் தானும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அவளுக்கு அந்தப் பூனை மனசில் உட்கார்ந்துகொண்டது. கம்பு நல்ல கம்பு. பானை புதுப்பானை. தண்ணீர் படவில்லை. அப்புறம் எந்த நாளில், எந்த வேளையில் அது கெட்டது? யாரைக் கேட்டாலும் கம்பு மாவு கசக்கும் என்றார்கள். எப்போது கசக்கும் என்று கேட்டால் கசக்கும்போது கசக்கும் என்றார்கள்.

கோயில் ஆஸ்பத்திரியில் பால் பவுடர் வந்த காலி டின்கள் கிடந்தன. ஏழு டின்கள் கேட்டு வாங்கி வந்து கழுவிக் காயவைத்தாள். ஒரே கம்பை ஒரே நேரத்தில் அரைத்து, ஆறவிட்டு, ஏழிலும் போட்டு மூடினாள். நாளுக்கு ஒரு டின் திறந்து, ஒரு கை மாவில் களி கிண்டித் தின்று பார்த்தாள். எழுத்துத் தெரியாது, சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டாள். நாலு நாள் வரை மாவில் ஒரு தித்திப்பு இருந்தது. ஐந்தாம் நாள் தித்திப்பு இல்லை, வேறு குற்றமும் இல்லை. ஆறாம் நாள் வாயில் போட்டபோது ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு, கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அடித்தொண்டையில் ஏதோ ஏறியது. ஏழாம் நாள்தான் நாக்குக்கே தெரிந்தது.

நாக்குக்கு ஒரு நாள் முன்பே தொண்டைக்குத் தெரிந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று தொம்மையிடம் சொன்னாள். அவன் நல்லது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

அது சித்திரை. மார்கழியில் திரும்பச் செய்தபோது பன்னிரண்டு நாள் தாங்கியது. கேப்பையைச் செய்து பார்த்தாள்; அது மாதக் கணக்கில் அசையவில்லை. மில்லிலிருந்து சூடாக வந்ததை ஆறவிடாமல் மூடிப் பார்த்தாள். நாலாம் நாளே போய்விட்டது. கெடுகிற மாவின் நடுவில்தான் முதலில் சூடு ஏறுகிறது என்பதையும், மேலே பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பதையும் ஒரு பெரிய பானையை வீணாக்கித் தெரிந்துகொண்டாள். இரண்டு வருஷத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை மாவை அவளிடம் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அவள் விழுங்கிவிட்டு நின்று, இன்னும் ரெண்டு நாள் என்பாள், அல்லது மாட்டுக்கும் வேண்டாம் என்பாள். ஒரு தடவையும் தப்பினதில்லை.

ஐம்பத்தாறில் தொம்மை காலராவில் போனான். பிள்ளை இல்லை. மறு வருஷம் விடுதிக்குத் தண்ணீர் இறைக்க வந்தவள், மூன்றே மாதத்தில் களி கிண்டும் துடுப்பைக் கையில் வாங்கிவிட்டாள். சாப்பாடும் படுக்கையும் அங்கேதான். சமையல்கட்டுக்குக் கடிகாரம் கிடையாது. அவள் மந்திரத்தை வைத்துத்தான் நேரம் பார்த்தாள். மாவுக்குள் கை வைத்தால் ஒரு பரமண்டலம். கொதிக்கிற நீரில் மாவைக் கொட்டினால் துடுப்பைத் தொடாமல் ஐந்து பிரியதத்தம். விழுங்கிய பிறகு தொண்டைக்குக் காத்திருக்க மூன்று பிரியதத்தம். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை இப்படிக் களிக்குச் சொல்வது பாவமா என்று ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் கேட்டாள். களி கட்டி விழாமல் வருகிறதா என்று கேட்டார் சாமியார். வருகிறது என்றாள். அப்படியானால் பாவமில்லை என்றார்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. அரைத்த நாளுக்கு நீளக்கோடு, அதன் பின் நாளுக்கு ஒரு சின்னக்கோடு. பாஸ்கு திருநாளுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கள் அந்த ஒரு முழச் சுவரை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்கள். அவள் சொல்லி வைத்திருந்தாள். ஏழு வருஷத்தில் அவள் கிண்டிய பாத்திரம் ஒன்று கூட மிச்சத்தோடு திரும்பி வந்ததில்லை.

பெரிய சிஸ்டர் புதுச்சேரிக்காரர். ரொட்டியிலும் சோற்றிலும் வளர்ந்தவர்; கம்பை இங்கே வந்துதான் பார்த்தார். இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டார். இன்னாசிராஜ் ஆட்டாவைச் சொன்னார், வேப்பிலையைச் சொன்னார், வண்டு இல்லாததைச் சொன்னார். ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. அமலோற்பவத்திடம் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது: தொண்டையில் தெரிகிறது. அது சிஸ்டருக்கு ஒரு காரணமாகப் படவில்லை.

“ஆறு வாரத்து மாவும்மா. தொண்டையில தெரியுதுன்னு அதைக் கொட்டச் சொல்றீங்க. ஸ்டோர்ல குடுக்கறதைச் சமைக்கிறதுதான் சமையல்கட்டு வேலை. உங்களால முடியாதுன்னா, துடுப்பைச் சின்னபொண்ணுகிட்ட குடுத்துட்டு நீங்க ஊருக்குப் போகலாம். நான் கோபமா சொல்லலை.”

கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. ஊரில் தொம்மையின் தம்பி குடும்பம் அந்த வீட்டில் இருந்தது. போனால் ஒரு மூலை கிடைக்கும். இங்கே இருந்தால் இந்த மாவைக் கிண்ட வேண்டும். பிள்ளைகள் பசிக்குத் தின்றுவிடுவார்கள். சிலருக்கு வயிறு கடுக்கும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. கம்பென்றால் கசக்கும் என்பார்கள். அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க மதர். ரெண்டு களி கிண்டிக் காட்டறேன். தின்னு பாத்து சொல்லட்டும்.”

“யார் சொல்றது?”

“அண்ணனே சொல்லட்டும்.”

சமையல்கட்டுக்குத் திரும்பியதும் சின்னபொண்ணு பிடித்துக்கொண்டாள். “யக்கா, உனுக்கு புத்தி கித்தி கலங்கிப்போச்சா? அந்தாளு பூட்டி வச்ச மாவ அந்தாளே நல்லால்லைன்னு சொல்லுவாரா?”

“சொல்லுவாரு.”

“எப்படி?”

போன வருஷம் பால் பவுடர் மூட்டை நனைந்துபோனதே, நனையவிட்டது தான்தான் என்று யாரும் கேட்காமலே போய் மதரிடம் சொன்னது யார் என்று கேட்டாள் அமலோற்பவம். சின்னபொண்ணு யோசித்தாள். அப்போதும் மனசில்லாமல்தான் திருகையின் முன் உட்கார்ந்தாள்.

அரைக்காமல் ஒன்றரை மூட்டைக் கம்பு மிச்சம் இருந்தது. அதிலிருந்து இரண்டு படி எடுத்துப் புடைத்து அரைத்தார்கள். பிறகு அமலோற்பவம் பீப்பாய்க்குள் கையைவிட்டு வேப்பிலைகளைப் பொறுக்கினாள். சருகாகியும் பச்சை போகாத இலைகள். ஒட்டியிருந்த மாவை ஒவ்வொன்றாக ஊதித் துடைத்து, கசக்கிப் பொடியாக்கி, புது மாவில் கலந்தாள். பீப்பாயில் இருந்ததைவிட இரண்டு பங்கு இலை.

பழைய மாவில் சொட்டு இலை இல்லாமல் சலித்தார்கள். இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி, ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு உப்பு. கிண்டியது இரண்டையும் அவளே. பழையதை மட்டம் தட்டிக் கிண்டினாள் என்று யாரும் சொல்லக் கூடாது. அதையும் கட்டியில்லாமல், பளபளவென்று உருட்டினாள். எந்தத் தட்டில் எது என்று சின்னபொண்ணுக்கு மட்டும் தெரியும். புதுமாவு வைத்த தட்டின் அடியில் கரியால் ஒரு கோடு.

சாயங்கால மணிக்கு முன் சிஸ்டர் வந்தார். இன்னாசிராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். முதல் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். முகம் கோணிற்று. தண்ணீரை எடுத்துக் கொப்பளித்தார்.

“இதுதான் பீப்பா மாவு. கசக்குது. அடுத்தத குடு.”

இரண்டாவது தட்டு. மென்றார். விழுங்கினார். வேப்பிலையில் மரத்த நாக்கு; முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. “இது புதுசு” என்று சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார். “நல்லா இருக்குது. இத்தப் பக்கத்துல வச்சிப் பாத்தா அது கசப்புதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வேப்பிலக் கசப்புதான்.”

சின்னபொண்ணு உண்மையைச் சொல்ல முன்னால் வந்தாள். அமலோற்பவம் அவள் கையை அமுக்கினாள்.

“அண்ணே, இப்பவே சொல்லிடாதீங்க. தண்ணி குடிக்காம மூணு பிரியதத்தம் சொல்லுங்க. அப்பறம் இன்னா சொன்னாலும் நான் ஒத்துக்கறேன். பொட்டிய கட்டிக்கினு போயிடறேன்.”

அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலையசைத்தார். சத்தமாகவே தொடங்கினார். முதல் மந்திரம் பட்டாளத்துக் குரலில் கணீரென்று போனது. இரண்டாவதில் பாதி வந்தபோது எச்சில் விழுங்கினார். சர்வேசுரனுடைய மாதாவே என்ற இடத்தில் குரல் கரகரத்தது. செருமினார். மறுபடி தொடங்கினார். மறுபடி செருமினார். மூன்றாவது மந்திரத்தைத் தொடங்கவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அடுப்பையும் பீப்பாயையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முதல் தட்டைத் தூக்கி, புதுமாவுக்கு என்று முன்பே சொல்லியிருந்த அடையாளம் உண்டா என்று அடியைப் பார்த்தார். கரிக்கோடு. அதிலிருந்து இன்னொரு விள்ளல் எடுத்துத் தின்று, தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார். அந்தக் கசப்பு தண்ணீரோடு போய்விட்டது. தொண்டையில் இருந்தது போகவில்லை.

சிஸ்டர் என்ன ஆயிற்று என்று கேட்கப்போனார்.

“மாவு போச்சுங்க மதர்” என்றார் இன்னாசிராஜ். “மூணு மூட்டையும் போச்சு. கெடுத்தது நான்தான். இந்தம்மா சொன்னது சரி.”

சிஸ்டரும் இரண்டாவது தட்டில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் உதடு அசைந்தது. மூன்று முடிவதற்குள் கைக்குட்டையை எடுத்தார். திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. இனிமேல் ஸ்டோரில் எந்த மாவைத் திறந்தாலும் முதலில் சமையல்கட்டுக்கு ஒரு கை வரட்டும், அங்கிருந்து சரி என்று வந்த பிறகு மற்றது என்று இன்னாசிராஜிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

இன்னாசிராஜ் போகவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“பதினெட்டு வருஷம்” என்றார். “ஒரு மூட்ட ஆட்டா கெட்டதில்ல என் கையில.”

“கோதுமைக்கு நீங்க செய்யறது சரிதான் அண்ணே. கம்பு எண்ணெய் புடிச்ச தானியம். முழுசா இருந்தா ரெண்டு வருஷம் இருக்கும். ஒடைச்சிட்டா நாள எண்ண ஆரம்பிச்சிடணும்.”

“எத்தினி நாள்?”

அவள் சுவரைக் காட்டினாள். அவர் கிட்டே போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏழு வருஷத்துக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதை வெள்ளையடிக்கிறவன் அழிக்காமல் விட்டானா என்று கேட்டார். விடுவான் என்றாள். சின்னபொண்ணு, வேப்பிலைக் களியை என்ன செய்வது என்று கேட்டாள். கொண்டா என்று அவரே தட்டை வாங்கி, நின்றபடி முழுவதையும் தின்று முடித்தார். வயிற்றுப்பூச்சிக்கு நல்லது என்றார்.

அவர் போன பிறகு அமலோற்பவம் துடுப்பைக் கழுவி ஆணியில் மாட்டினாள். அதன் பிடி ஏழு வருஷத்தில் அவள் கையளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒலக்கூரில் அந்தப் பூனை இந்நேரம் செத்திருக்கும். இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லிவிட்டது போல இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்து மழை. காலையில் பிள்ளைகளுக்கு அரிசிக் கஞ்சி. ஒன்பது மணிக்கு மழை விட்டதும் இன்னாசிராஜும் தோட்டக்காரரும் இரண்டு பீப்பாய்களையும் உருட்டிக்கொண்டு போய், பின்பக்கம் குழி வெட்டி மாவைக் கொட்டி மூடினார்கள். பீப்பாய்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். ஏரிப் பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. இன்னாசிராஜ் அரை மூட்டைக் கம்பை சைக்கிளில் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்ப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினார். மாவு சூடாக இருந்தது. பாயை விரித்து அதைப் பரப்பி ஆறவிட்டார்கள். அமலோற்பவம் ஒரு பரமண்டல நேரம் கை வைத்துப் பார்த்துவிட்டு அள்ளச் சொன்னாள். சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டாள். மூன்று மணிக்கு மறுபடியும் மழை பிடித்தது. இரவுக்குக் கம்பங்களியும், வேர்க்கடலை வறுத்தரைத்த மல்லாட்டைத் துவையலும். பாத்திரங்கள் காலியாகத் திரும்பி வந்தன.